பனிக்கடலில் காத்திருக்கும் தொழில்

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து புறப்பட்டு, கனடாவின் வடக்கே சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டத்தின் ஊடாகப் பசிபிக் பெருங்கடலை அடையும் கடற்பாதைக்கு 'வடமேற்கு வழி' என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பிய மாலுமிகள் தேடிக் களைத்திருந்த இந்தப் பாதையை 1818 முதல் பிரிட்டிஷ் கடற்படை தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதற்குப் புவியியல் ஆர்வம் மட்டும் காரணமன்று. நெப்போலியனோடு நடந்த நெடும்போர் 1815-இல் முடிந்ததும் கப்பல்கள் துறைமுகங்களில் கட்டிவைக்கப்பட்டன; அதிகாரிகளில் பெரும்பாலோர் பாதிச் சம்பளத்தில் கரையில் உட்கார்ந்தனர். கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியின் இரண்டாம் செயலர் ஜான் பாரோ அப்போது தீட்டிய வடதுருவத் திட்டங்கள், போரில் பெயரெடுக்க வழியற்றுப்போன இளம் அதிகாரிகளுக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பாயின. ஆனால் அந்த வேலையின் இயல்பு அவர்கள் பழகியிருந்த வேலைக்கு நேர் எதிரானது. அந்தக் கடலில் கப்பல் நகரக்கூடிய காலம் ஆண்டில் சில வாரங்களே; எஞ்சிய ஒன்பது பத்து மாதங்களைக் கப்பலைப் பனிக்கட்டிக்குள் நிறுத்திவிட்டு, உயிரும் புத்தியும் கெடாமல் கழித்தாக வேண்டும். இதுவே குளிர்காலத் தங்கல். துருவப் பயணம் என்று நூல்கள் வருணிப்பதில் பெரும்பகுதி உண்மையில் பயணமே அல்லாத இந்தத் தங்கல்தான்.

ஜெர்மானிய நாவலாசிரியர் ஸ்டென் நடோல்னி மெதுமையைப் பற்றி எழுத முனைந்தபோது இந்தத் தொழிலின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. 1942-இல் பிறந்து, வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்று, சில காலம் பள்ளியில் வரலாறு கற்பித்து, பின்பு திரைப்படத் தயாரிப்பில் பணியாற்றிய அவர், 'மெதுமையின் கண்டுபிடிப்பு' எனப் பொருள்படும் தலைப்பில் 1983-இல் ஒரு நாவலை வெளியிட்டார். அதன் நாயகர் கற்பனைப் பாத்திரமல்லர். 1786-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஸ்பில்ஸ்பி என்ற சிற்றூரில் பிறந்து, 1847-இல் கனடாவின் பனிக்கடலில் இறந்த சர் ஜான் ஃபிராங்க்ளின். நாவல் அவரைப் பிறவியிலேயே மெதுவாக இயங்குகிற மனிதராகப் படைக்கிறது. ஆவணங்களில் தென்படும் ஃபிராங்க்ளினோ பெரிதும் வேறானவர். இந்த இருவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பார்த்தால், காத்திருக்கத் தெரிவது ஒருவருடைய சுபாவமா அல்லது கற்றுக்கொள்ள வேண்டிய தொழிலறிவா என்ற கேள்வி எழுகிறது. வடமேற்கு வழியின் வரலாறு இரண்டாவது விடையின் பக்கமே சாய்கிறது.

தங்கலை ஒரு முறைமையாக வகுத்தவர் எட்வர்டு பாரி என்ற கடற்படை அதிகாரி. ஹெக்லா, கிரைப்பர் என்ற இரு கப்பல்களோடு 1819-இல் லங்காஸ்டர் நீரிணைக்குள் நுழைந்த அவர், செப்டம்பர் 4-ஆம் நாள் மேற்குத் தீர்க்கரேகை 110 பாகையைக் கடந்து, நாடாளுமன்றம் அறிவித்திருந்த 5,000 பவுன் பரிசுக்கு உரியவரானார். அந்த மாத இறுதிக்குள் கடல் உறைந்துவிட்டது. மெல்வில் தீவின் தென்கரையில் ஒரு விரிகுடாவைத் தேர்ந்துகொண்டு, உறைந்த நீர்ப்பரப்பை நீண்ட ரம்பங்களால் அறுத்துச் சுமார் இரண்டேகால் மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி, மூன்று நாள் உழைப்பில் கப்பல்களை உள்ளே இழுத்து நிறுத்தினார்கள். அங்கே போனவர்கள் மறு ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள்தான் வெளியே வர முடிந்தது. பாய்மரங்களின் மேற்பகுதிகள் இறக்கப்பட்டன. மேல்தளம் முழுவதும் கனத்த துணியால் கூடாரம் போல மூடப்பட்டது. படுக்கைகளின் மேல் மனித மூச்சே உறைந்து பனியாகப் படிய, அதை அவ்வப்போது சுரண்டி அப்புறப்படுத்துவதும் அன்றாட வேலைகளில் ஒன்றாயிற்று. நவம்பர் தொடக்கத்தில் மறைந்த சூரியன் மூன்று மாதம் எட்டிப்பார்க்கவே இல்லை. வெப்பமானியிலிருந்த பாதரசம் உறைந்து போயிற்று. எலுமிச்சைச் சாற்றுப் புட்டிகள் குளிரில் வெடித்தன.

உடலைவிட மனத்தைக் காப்பதே கடினம் என்பதைப் பாரி முன்னதாகவே உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் செய்த ஏற்பாடுகள் சான்று. நவம்பர் 5-ஆம் நாள் கப்பலின் மேல்தளத்தில் முதல் நாடகம் அரங்கேறியது. உறைநிலைக்கு வெகு கீழே இருந்த குளிரில், பெண் வேடமிட்ட அதிகாரிகள் மெல்லிய உடைகளோடு நடுங்கிக்கொண்டே நகைச்சுவை வசனம் பேசினார்கள். பயணத்தோடு வந்திருந்த வானியலாளரும் பிற்காலத்தில் ராயல் சொசைட்டியின் தலைவரானவருமான எட்வர்டு சபைன் ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். கையெழுத்தில் வெளிவந்து, பின்னர் லண்டனில் அச்சேறிய அந்த இதழில் நாடக விமரிசனங்களும், புனைபெயரில் எழுதப்பட்ட ஆசிரியருக்குக் கடிதங்களும், எழுதாமல் சோம்பியிருந்தவர்களைக் கேலிசெய்யும் குறிப்புகளும் இருந்தன. வெளியே நடமாட முடியாத நாட்களில், கைப்பிடியைச் சுழற்றினால் பாட்டு இசைக்கும் பீப்பாய் ஆர்கன் என்ற வாத்தியத்தின் தாளத்துக்கு மாலுமிகள் கப்பல் தளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவைக்கப்பட்டனர். வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்கிப் பழைய காயங்களும் திறந்துகொள்ளும் ஸ்கர்வி நோய்க்கு அஞ்சி, தம் அறையின் அடுப்புக்குழாய் ஓரத்தில் சிறு பெட்டிகளில் மண் நிரப்பிக் கடுகுக் கீரை வளர்த்தார் பாரி. வெளிச்சமின்றி வெளிறிப்போயிருந்தாலும் நோயாளிகளுக்கு அது பயன்பட்டது. 94 பேரில் ஒருவரே இறந்தார். கடற்படை ஒழுங்குமுறைக்குள் இத்தனை விளையாட்டுக்கு இடம் கொடுத்த பாரியின் சமயோசிதம், அவர் கடந்த தீர்க்கரேகைகளைவிடப் பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும்.

இந்தத் தொழிலில் காலம் என்பது வெறும் நாட்கணக்கன்று. அதுவே இடத்தையும் காட்டியது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால் ஒரு மணி நேரம் 15 பாகைக்குச் சமம். ஆகவே கிரீனிச்சில் இப்போது என்ன மணி என்று தெரிந்தால், கப்பல் நிற்கும் இடத்தின் உள்ளூர் நண்பகலோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கணக்கிட்டுவிடலாம். இதற்கெனவே ஜான் ஹாரிசன் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவாக்கிக் கொடுத்த, கப்பலின் ஆட்டத்துக்கும் வெப்பநிலை மாற்றத்துக்கும் ஈடுகொடுக்கும் கடிகாரத்தின் வழிவந்ததுதான் குரோனோமீட்டர். நாள்தோறும் குறித்த வேளையில் சாவி கொடுத்து, பெட்டிக்குள் ஆடாமல் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பேரேட்டில் குறித்து வருவது அதிகாரிகளின் கடமை. ஒரு குரோனோமீட்டர் நாளுக்குச் சில விநாடி பின்தங்கினால் அதைக் குறையுடையதாக யாரும் கருதுவதில்லை. எத்தனை விநாடி பின்தங்குகிறது என்பது மாறாமல் இருந்தால் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். இன்று இரண்டு விநாடி, நாளை ஐந்து விநாடி என்று மாறுவதே பயனற்ற கருவி. நடோல்னியின் நாயகருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வாய்த்திருக்க முடியாது.

நாவலின் தொடக்கத்தில் ஃபிராங்க்ளின் பத்து வயதாகியும் பந்தைப் பிடிக்கத் தெரியாத சிறுவன். மற்றவர்கள் ஆடும்போது, பந்து தாண்ட வேண்டிய கயிற்றின் ஒரு முனையை மணிக்கணக்கில் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் பங்கு. அவன் கண்ணில் படுவது எதுவும் உடனே அவனுக்குள் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தபின் எளிதில் வெளியேறுவதுமில்லை. பதில் சொல்லத் தாமதமாவதை மறைக்க, கப்பல் உறுப்புகளின் பெயர்களையும் ஆணைகளையும் தேவைப்படக்கூடிய வாக்கியங்களையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துவைத்துக்கொள்கிறான். பள்ளி ஆசிரியரான டாக்டர் ஓர்ம் என்ற கற்பனைப் பாத்திரம், மாணவர்களின் வேகத்தை அளக்கச் சுழலும் கருவி ஒன்றை அமைத்து, வேகவேறுபாடு குறையாகாது, ஒருவரை மற்றவரிலிருந்து தனியராக்குவதே அதுதான் என்ற முடிவுக்கு வருகிறார். நடோல்னி தம் நாயகரை மெச்சிக்கொண்டே போகவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மெதுவாக இயங்குபவரால் தொடங்கிவிட்ட செயலைச் சட்டென்று நிறுத்தவும் முடிவதில்லை என்பதை, 1801-ஆம் ஆண்டுக் கோபன்ஹேகன் போர்க் காட்சியில் ஒரு கொலையின் வழியே காட்டுகிறார். நாவல் முழுமையடைவதற்கு முன்பே, 1980-இல், இந்த அத்தியாயத்தை ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் வாசித்துத்தான் அவர் இங்கபோர்க் பாஹ்மன் பரிசை வென்றார். எழுத்தாளர்களை ஒருவரோடொருவர் மோதவிடும் அந்தப் போட்டிமுறை பிடிக்காமல் பரிசுத்தொகையை மற்றப் போட்டியாளர்களோடு பகிர்ந்துகொண்டார்.

ஆவணங்களின் ஃபிராங்க்ளினுக்கு வாய்த்த முதல் வேலைகளோ கப்பல் தளத்திலேயே மிகுந்த சுறுசுறுப்பைக் கோரியவை. மிட்ஷிப்மேன் எனப்படும் பயிற்சி அதிகாரியாக இருந்த அவர், 1804 பிப்ரவரியில் மலாக்கா நீரிணையை ஒட்டிய புலோ அவுரா அருகே கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்கள் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களை ஏமாற்றி விரட்டியபோது, தலைமைக் கப்பலில் கொடிச் சமிக்ஞைகளைக் கவனித்தார். அடுத்த ஆண்டு டிரஃபால்கர் போரில் பெல்லரோஃபான் கப்பலிலும் அதே பொறுப்பு. சமிக்ஞை என்பது தொலைவில் ஏறி இறங்கும் வண்ணக்கொடிகளைப் பார்த்த மாத்திரத்தில் படித்துப் பொருள் சொல்லும் வேலை. பந்தைப் பிடிக்கத் தெரியாதவருக்கு அதை எவரும் தந்திருக்கமாட்டார்கள். இதற்கு முன்னரே, ஆஸ்திரேலியக் கரையை அளந்த மாத்தியூ ஃபிளிண்டர்ஸின் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் சென்றபோது, சிட்னியில் கூடாரமிட்டு நடத்திய வானியல் நோக்குகளில் அவர் காட்டிய கருத்தைக் கண்டு, ஆளுநர் கிங் அவரை டென்மார்க்கின் பழைய வானியல் அறிஞர் டைகோ பிராகியின் பெயரிட்டே விளையாட்டாக அழைத்தார். மெதுமை அவரிடம் பதிவாகியிருப்பது ஒரே ஓர் இடத்தில், அதுவும் நடையில்தான். ஹட்சன் வளைகுடா கம்பெனியின் அதிகாரி ஜார்ஜ் சிம்சன், 1821-இல், இந்த அதிகாரிக்கு நாளுக்கு மூன்று வேளை உணவும் தவறாமல் தேநீரும் வேண்டும், என்ன முயன்றும் நாளொன்றுக்கு எட்டு மைலுக்கு மேல் நடக்க மாட்டார் என்று ஏளனமாகக் குறித்துவைத்தார்.

அந்த ஏளனத்துக்குப் பின்னே இருந்தது ஃபிராங்க்ளினின் முதல் தரைவழிப் பயணம். 1819-இல் தொடங்கிய அப்பயணத்தின் நோக்கம், காப்பர்மைன் ஆற்றின் வழியே வடகடலை அடைந்து கிழக்கு நோக்கிக் கரையை வரைபடமாக்குவது. 1820 ஆகஸ்டில், யெல்லோநைவ்ஸ் என ஐரோப்பியர் அழைத்த பழங்குடியின் தலைவர் அகைச்சோ, பருவம் கடந்துவிட்டது, இப்போது ஆற்றில் இறங்குபவர் திரும்பமாட்டார் என்று மறுத்து நின்றார். உடனே புறப்பட விரும்பிய ஃபிராங்க்ளின் வாதாடிப் பார்த்துவிட்டு, இரண்டு அதிகாரிகளை ஆற்றைப் பார்த்துவர மட்டும் அனுப்பிவைத்து, எண்டர்பிரைஸ் கோட்டை என்று பெயரிட்ட மரக்குடிலில் குளிர்காலத்தைக் கழித்தார். தடுத்துச் சொல்ல அகைச்சோ அருகில் இல்லாத அடுத்த கோடையில் நடந்தது வேறு. மரப்பட்டைப் படகுகளில் கிழக்கே வெகுதொலைவு சென்று, ஆகஸ்டு பாதிக்கு மேலாகியும் இன்னும் சிறிது தூரம், இன்னும் சிறிது தூரம் என்று போய், கடைசியில் திரும்புமுனை எனப் பொருள்படும் பெயர் சூட்டிய இடத்திலிருந்துதான் திரும்பினார். மரமற்ற வெட்டவெளியில் குளிர் முந்திக்கொண்டது; கலைமான் கூட்டங்கள் தெற்கே போய்விட்டிருந்தன. பாறையில் படரும் பாசியையும், காலணித் தோலையும், முந்தைய குளிர்காலத்தில் எறிந்த எலும்புகளையும் வேகவைத்துத் தின்றபடி கோட்டைக்கு வந்தால், அங்கே உணவில்லை. 20 பேரில் 11 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் சுமை தூக்கிய பிரெஞ்சு கனடியரும் கலப்பினத்தவருமான படகோட்டிகள். ஐந்து பிரிட்டிஷாரில் நால்வர் பிழைத்தார்கள். எஞ்சியவர்களுக்கு நவம்பரில் இறைச்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தவர்கள் அகைச்சோவின் மக்களே. லண்டனுக்குத் திரும்பிய ஃபிராங்க்ளின், தம் காலணிகளைத் தின்ற மனிதர் என்று புகழ்பெற்றார். 1823-இல் வெளிவந்த அவருடைய பயணநூல் நன்றாக விற்றது. எச்சரித்த அகைச்சோவுக்கு அந்தப் புகழில் பங்கில்லை.

ஆக, மெதுமையை அவருக்குச் சூட்டிய நாவலாசிரியர் தவறான ஆளைத் தேர்ந்துவிட்டாரா என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடவும் முடியாது. 1825-இல் தொடங்கிய இரண்டாம் பயணத்தில் ஃபிராங்க்ளின் முதல் பயணத்தின் பாடங்களைப் படித்திருந்தார்: உறுதியான மரப்படகுகள், முன்கூட்டியே அனுப்பிய உணவு, நீண்ட ஆயத்தம். 1826 ஆகஸ்டு 16-ஆம் நாள், அலாஸ்காவின் வடகரையில், மேற்கேயிருந்து தம்மைச் சந்திக்க வந்துகொண்டிருந்த பிளாசம் கப்பலின் படகு எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலையில், பருவத்தைக் கணக்கிட்டுத் திரும்பிவிட்டார். அந்தப் படகு அப்போது சுமார் 160 மைல் தொலைவில் இருந்தது. அது தெரிந்திருந்தால் எந்த இடர் வந்தாலும் முன்னேறியிருப்பேன் என்று பின்னர் அவரே எழுதினார். நாற்பது வயதில் இப்படித் திரும்பி வந்த மனிதரே நடோல்னியின் நாயகருக்கு மிக அருகில் நிற்கிறார். முதல் பயணத்தில் அகைச்சோ சொல்லித் தடுத்ததை இரண்டாம் பயணத்தில் அவர் தாமாகவே செய்தார். சுபாவத்தில் இல்லாததைப் பட்டறிவு கற்றுக்கொடுத்திருந்தது.

நாவல் இதை ஒரு கோட்பாடாகவே வளர்க்கிறது. தலைமைப் பொறுப்பில் மெதுவானவர் ஒருவரும் அவர் அருகே விரைவானவர் ஒருவரும் இருக்க வேண்டும். அன்றாட நெருக்கடிகளை விரைவானவர் பார்த்துக்கொள்ள, மெதுவானவர் எதற்கும் உடனே பதில் சொல்லாமல் தள்ளி நின்று நோக்கி முடிவெடுக்க வேண்டும் என்பது நாயகரின் ஆட்சிமுறை. மற்றவர்களின் கருத்து வந்து சேர்வதற்குள் ஒரு பொருளைத் தானே பார்த்துத் தீர்ப்பதற்கு வேண்டிய அவகாசம்தான் சுயசிந்தனை என்று நடோல்னி கருதுகிறார் போலும். இதன் பலன் விசித்திரமாக அமைந்தது. நிர்வாக மேலாளர்களுக்கான பயிலரங்குகளில் இந்நாவல் கைநூல் போல் எடுத்தாளப்பட்டது. வேகமாக முன்னேறுவது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் மெதுமையையும் ஓர் உத்தியாக எடுத்துக்கொண்டதைக் கண்டு நாவலின் நாயகர் சிரித்திருப்பார், சற்றுத் தாமதமாக.

கைதிகளைக் குடியேற்றும் தீவாக இருந்த வான் டீமன்ஸ் லேண்டில், அதாவது இன்றைய டாஸ்மேனியாவில், 1837 முதல் 1843 வரை துணைநிலை ஆளுநராக இருந்து, கீழிருந்த அதிகாரிகளின் சூழ்ச்சியால் ஃபிராங்க்ளின் திருப்பி அழைக்கப்பட்டார். அக்காலத்தில் ஒன்று மட்டும் இங்கே பொருட்படுத்தத் தக்கது: தென்துருவக் கடலுக்குச் செல்லும் வழியில் ஜேம்ஸ் ராஸ் என்ற கப்பல்தலைவர் 1840-இல் ஹோபார்ட் துறைமுகத்தில் நங்கூரமிட்டபோது, அவருக்குக் காந்தவியல் ஆய்வுக்கூடம் அமைக்க உதவியவர் ஃபிராங்க்ளின். அந்த இரு கப்பல்களின் பெயர் எரிபஸ், டெரர். ஐந்தாண்டுக்குப் பின், 59 வயதில், அதே கப்பல்களைத்தான் அவர் வடமேற்கு வழிக்குள் செலுத்தினார்.

1845 மே 19-ஆம் நாள் தேம்ஸ் ஆற்றிலிருந்து புறப்பட்ட அந்தப் பயணம், வேகத்தின் காலத்தில் பிறந்த பயணம். இங்கிலாந்தெங்கும் ரயில்பாதைகள் விரிந்துகொண்டிருந்தன. ஊருக்கு ஊர் மாறுபட்ட உள்ளூர் நேரம் கால அட்டவணைக்குத் தொல்லையாக, 1847 செப்டம்பரில் ரயில் கம்பெனிகளின் கூட்டமைப்பு எல்லா நிலையங்களும் கிரீனிச் நேரத்தையே கடைப்பிடிக்கப் பரிந்துரைத்தது. எரிபஸ், டெரர் இரண்டிலும் ரயில் எஞ்சின்களே மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தன. அவை கப்பலை மணிக்குச் சுமார் 4 கடல்மைல் வேகத்தில் உந்தும். மூன்று ஆண்டுக்கு உணவு, சுமார் 8,000 தகரப்புட்டிகளில் அடைத்த இறைச்சியும் காய்கறியும், ஒவ்வொரு கப்பலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள், ஐம்பது பாட்டுகள் இசைக்கும் ஆர்கன், எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிகளுக்குச் சிலேட்டுகள் எனப் பாரியின் தங்கல்முறை அப்படியே பெருக்கி எடுத்துக்கொள்ளப்பட்டது. முதல் குளிர்காலம் பீச்சி தீவில் கழிந்தது. அங்கே மூன்று கல்லறைகள் எஞ்சின. அடுத்த ஆண்டு தெற்கே இறங்கியபோது, கையிலிருந்த வரைபடம் கிங் வில்லியம் தீவை நிலத்தோடு ஒட்டியதாகக் காட்டியது. கிழக்கே இருந்த ஒடுங்கிய நீர்வழி அந்த வரைபடத்தில் இல்லை. மேற்குப் பக்கமாகச் சென்ற கப்பல்கள், வடக்கேயிருந்து ஓயாமல் இறங்கிவரும் பல்லாண்டுப் பனிக்கட்டியின் பாதையில் போய், 1846 செப்டம்பர் 12-ஆம் நாள் சிக்கிக்கொண்டன. அடுத்த கோடையில் அந்தப் பனி உருகவே இல்லை. பாரியின் முறை ஒரு குளிர்காலம் முடிந்தால் கோடை வரும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. கோடையே வராத இடத்தில் நாடகமும் வாரப் பத்திரிகையும் என்ன செய்யும்?

129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. பயணத்தினர் விட்டுச்சென்ற எழுத்தில், நிகழ்ந்ததைச் சொல்லும் ஒரே தாள், ஃபிராங்க்ளினின் மனைவி ஜேன் ஏற்பாடு செய்த தேடுதல் பயணத்தில் 1859-இல் கற்குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1847 மே மாதம் எழுதிய முதற்பகுதி எல்லாம் நலம் என்கிறது. அதில் பீச்சி தீவில் தங்கிய குளிர்காலத்தின் ஆண்டே ஓராண்டு தவறிக் குறிக்கப்பட்டிருக்கிறது. 1848 ஏப்ரலில் அதே தாளின் ஓரங்களில் நெருக்கி எழுதிய இரண்டாம் பகுதி, ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11-ஆம் நாள் இறந்ததையும், எழுதிய நாள்வரை 24 பேர் மாண்டதையும், எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கே நடக்கத் தொடங்கியதையும் தெரிவிக்கிறது. அவர்கள் பனியில் இழுத்துச் சென்ற ஒரு படகு, சறுக்குவண்டியோடு சேர்த்துச் சுமார் 1,400 பவுண்டு எடை. அதற்குள் வெள்ளிக் கரண்டிகளும், பட்டுக் கைக்குட்டைகளும், சோப்பும், சீப்பும், புத்தகங்களும், சாக்லேட்டும், இரண்டு எலும்புக்கூடுகளும் இருந்தன. எரிபஸ் கப்பலுக்கு வழங்கப்பட்ட குரோனோமீட்டர்களில் ஒன்று, ஆர்னால்டு செய்த 294-ஆம் எண், கப்பலோடு ஆர்க்டிக்கில் தொலைந்ததாகக் கிரீனிச் பேரேட்டில் பதிவாகியிருக்க, யாரோ வேறு உறையில் மாற்றிப் பயணக் கடிகாரமாக ஆக்கிவைத்த நிலையில் அது இங்கிலாந்திலேயே இருப்பது 2009-இல் வெளிச்சத்துக்கு வந்தது.

சுயசிந்தனைக்கு அவகாசம் வேண்டும் என்ற நடோல்னியின் கருத்துக்கு இந்த வரலாற்றிலேயே கிடைக்கும் சிறந்த சான்று ஃபிராங்க்ளின் இறந்த பின்னர் நிகழ்ந்தது. ஆர்க்னி தீவுக்காரரும் ஹட்சன் வளைகுடா கம்பெனியின் மருத்துவருமான ஜான் ரே, பனிக்குடில் கட்டவும் வேட்டையாடி உண்ணவும் அப்பகுதி மக்களான இனுயிட்டுகளிடம் கற்றவர். 1854-இல் அவர்களைப் பலமுறை சந்தித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒத்துப்பார்த்து, அவர்களிடமிருந்த வெள்ளிப் பொருட்களை விலைக்கு வாங்கி, பட்டினியின் கடைசியில் ஃபிராங்க்ளினின் ஆட்கள் மனித இறைச்சி உண்டனர் என்ற முடிவோடு திரும்பினார். அக்டோபர் இறுதியில் அந்த அறிக்கை நாளிதழில் வந்தது. டிசம்பர் தொடக்கத்திலேயே சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' இதழில், ஆங்கிலக் கடற்படையினர் அப்படிச் செய்திருக்க முடியாது, இனுயிட்டுகளின் வாய்மொழியை நம்பலாகாது என்று நீண்ட கட்டுரை எழுதினார். பனிக்கடலைக் கண்டிராத எழுத்தாளருக்குச் சில வாரங்களில் பிறந்த உறுதியை லண்டன் சமூகம் ஏற்றுக்கொண்டது. ஃபிராங்க்ளின் பயணத்தின் கதியைக் கண்டறிவதற்கான பரிசுத்தொகையான 10,000 பவுன் ரேவுக்குக் கிடைத்தது. கடலோடிகளுக்குரிய மரியாதை கிடைக்கவில்லை.

வடமேற்கு வழியை முதலில் முழுவதும் கப்பலிலேயே கடந்தவர், சிறுவயதில் ஃபிராங்க்ளினின் நூலைப் படித்துத் துருவ ஆசை கொண்ட நார்வேக்காரர் ரோல்டு அமுண்சன். கடற்படை அனுப்பிய 129 பேருக்கு எதிராக அவரோடு சென்றவர்கள் ஆறு பேர்; கப்பல், 47 டன் எடையுள்ள பழைய மீன்பிடிப் படகு. கிங் வில்லியம் தீவின் கிழக்குப் பக்கமாகச் சென்று, தென்கரையில் ஒரு சிறு துறையில் 1903-இல் நின்ற அவர், மறு ஆண்டு கோடையில் கிளம்பாமல் இரண்டாவது குளிர்காலத்தையும் அங்கேயே கழித்தார். காந்தத் துருவத்தை அளப்பதோடு, நெட்சிலிக் இனுயிட்டுகளிடம் தோலாடை அணியவும், நாய்களை வண்டியில் பூட்டி ஓட்டவும் கற்றுக்கொள்வதில் அந்த இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பிறகு மேற்கே மெக்கன்சி ஆற்று முகத்தருகே மூன்றாவது குளிர்காலம். 1906-இல் வழி முடிந்தது. நானூறு ஆண்டுத் தேடலை முடித்துவைத்த பயணத்தில், நகர்ந்த நாட்களைவிட நின்ற நாட்களே மிக அதிகம்.

இனுயிட்டுகள் சொன்னவை அதற்குப் பின்னும் வெகுகாலம் நாட்டுக்கதைகளாகவே எண்ணப்பட்டன. 1879-இல் அமெரிக்கர் ஷ்வாட்காவிடம், அடிலெய்டு தீபகற்பத்தின் மேற்கே ஆளில்லாத கப்பல் ஒன்றைக் கண்டதாக ஒரு முதியவர் சொல்லியிருந்தார்; 2014 செப்டம்பரில் கனடிய ஆய்வாளர்கள் ஏறத்தாழ அந்தப் பகுதியிலேயே, 11 மீட்டர் ஆழத்தில், எரிபஸைக் கண்டார்கள். 2016-இல் ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த இனுயிட் வேட்டைக்காரர் சாமி கோக்விக், கடலில் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாய்மரம் ஒன்றை முன்பு கண்டதாகச் சொன்ன இடத்தில் டெரர் கிடைத்தது. கிங் வில்லியம் தீவில் முன்பே கிடைத்திருந்த ஒரு தாடை எலும்பு, எரிபஸின் கப்பல்தலைவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது என்று 2024-இல் மரபணுச் சோதனை உறுதிசெய்தது. அதில் கத்தியால் வெட்டிய தடங்கள் இருந்தன.